ஒரு கேபிள் அதிகமானால் ஆபீஸே நிற்குமா? லூப், ஸ்பானிங் ட்ரீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சின்ன, நடுத்தர அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுப் பராமரிப்பது என் வேலை. கிண்டி எஸ்டேட்டானாலும் அம்பத்தூரானாலும் தி.நகர் ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரானாலும், லூப் (கேபிள்கள் வளையமாக இணைந்து, டேட்டா நிற்காமல் சுற்றுவது) பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்பவை, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் விஷயங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் போனில் கேட்பவை எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டிக்குள்ளேயே லூப்பைத் தடுக்க இருக்கும் ஸ்பானிங் ட்ரீயைத் தொந்தரவு என்று அணைத்து வைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரூட் ஸ்விட்சை, அதாவது மற்ற ஸ்விட்சுகளுக்குத் தலைவரை, நாமே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால் அது எந்தத் தொந்தரவும் தராது என்பதைப் புரியவைப்பதுதான் என் நோக்கம்.

சார், ஒரே ஒரு கேபிள் எக்ஸ்ட்ரா மாட்டினதுக்கா மொத்த ஆபீஸும் நின்னுபோச்சு?

ஆமாம், ஒன்று போதும். ஒரு கம்ப்யூட்டர் "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி கேள்வி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் போகும் செய்தி. வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அதை அனுப்புவது ஸ்விட்சின் இயல்பு. இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்தால் இரண்டிலும் ஒவ்வொரு நகல் போகும். அந்தப் பக்கத்து ஸ்விட்ச், முதல் கேபிளில் வந்ததை இரண்டாவது கேபிளிலும், இரண்டாவதில் வந்ததை முதலாவதிலும் திருப்பி விடும். இரண்டு நகல்களும் எதிரெதிர் திசையில் சுற்றத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் தட்டிவிட்டுப் போகும். நிறுத்த யாரும் இல்லை. அடுத்த ஏஆர்பி, அடுத்த டிஹெச்சிபி கோரிக்கை (ஐபி முகவரி கேட்பது) என எல்லாம் இதே சுழலில் வந்து சேரும். நடுவே மூன்று கேபிள் இருந்தால் நகல்கள் ஒவ்வொரு சுற்றிலும் பெருகவே செய்யும்.

100 எம்பிபிஎஸ் இணைப்பில் மிகச் சிறிய ஃபிரேம்கள் (ஈதர்நெட் கேபிளில் டேட்டா போகும் பொட்டலங்கள்) நொடிக்கு சுமார் 1,48,800 போக முடியும். கிகாபிட்டில் சுமார் 14,88,000. கொஞ்ச நேரத்திலேயே கேபிள் நிரம்பிவிடும், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு வரும் பிராட்காஸ்டைப் பிரித்துப் பார்த்தே திணறும்.

இன்னொரு சேதமும் உண்டு. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். லூப்பில் ஒரே கம்ப்யூட்டரின் ஃபிரேம் இந்தப் போர்ட்டிலிருந்தும் வரும், அந்தப் போர்ட்டிலிருந்தும் வரும். பட்டியல் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். சர்வருக்குப் போகவேண்டிய சாதாரண ஃபிரேம்கூட வழி தவறும்.

இன்டர்நெட்ல எவ்ளோ சுத்துப் பாதை இருக்கு, அங்க மட்டும் ஏன் இப்படி ஆகல?

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தப்பான வழியில் சுற்றினாலும் ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை அல்லது ஸ்விட்சை அணைக்கும்வரை சுற்றும்.

லூப்பா, வேற ஏதாவது பிரச்சினையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஸ்விட்ச் முன்னால் போய் நின்று விளக்குகளைப் பாருங்கள். சாதாரணமாக ஒவ்வொரு போர்ட்டும் அதனதன் போக்கில் மின்னும். லூப் இருந்தால் எல்லாப் போர்ட்டும் ஒரே வேகத்தில், நிற்காமல் படபடவென்று மின்னும். யாருமே உட்காராத மேஜையின் போர்ட்கூட மின்னும். படுப்பது நெட் மட்டுமல்ல. பக்கத்து மேஜை பிரின்டர், ஐபி போன், சிசிடிவி எல்லாம் ஒன்றாகப் படுக்கும். இன்டர்நெட் லைன் மட்டும் போயிருந்தால் உள்ளே பிரின்ட் வரும், அந்த வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

மேனேஜ்டு ஸ்விட்சாக (உள்ளே நுழைந்து செட்டிங் மாற்றக்கூடியது) இருந்தால் நெட்வொர்க் வழியே உள்ளே போக முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைப் போடுங்கள். லாகில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுக்கு நடுவே மாறி மாறி வருவதாகப் பதிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். மேனேஜ்டு இல்லையென்றால், மற்ற ஸ்விட்சுகளுக்குப் போகும் கேபிள்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, லூப் அந்தப் பக்கம். அப்புறம் அந்த மாடிக்குப் போய் அதையே திரும்பச் செய்யுங்கள்.

கடைசியாக யார் எதை நகர்த்தினார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் அலுவலகத்தையே புரட்டிப்போட்டுத் துடைப்பார்கள். துடைத்த பிறகு மேஜைக்கடியில் தொங்கும் கேபிள் நுனியைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு, பக்கத்தில் காலியாக இருக்கும் ஓட்டையில் யாராவது செருகிவிடுவார்கள். அதன் மறுநுனியும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். பூஜை முடிந்து ஆபீஸ் திறக்கும் நாளில் எனக்கு வரும் போன்களில் பல இந்த வகை.

அப்போ ரெண்டாவது கேபிளே போடாம இருந்துட்டா போச்சே?

போடாமல் இருக்கலாம், ஆனால் மாடிக்கு மாடி ஓடும் ஒரே கேபிளை எலி கடித்தாலோ, ஏசி மெக்கானிக் டிரில் போட்டாலோ அந்த மாடி முழுக்க நின்றுவிடும். மாற்று வழி வேண்டும், ஆனால் அது தேவைப்படும்வரை மூடியிருக்கவும் வேண்டும். ஸ்பானிங் ட்ரீ செய்வது அதைத்தான். மேலே சொன்ன ஆயுத பூஜை கேபிள் போல, யாரும் திட்டமிடாமல் வரும் இரண்டாவது கேபிளுக்கும் அதே காவல்தான்.

ஸ்பானிங் ட்ரீ உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது? ரூட், டெசிக்னேட்டட்னு படிச்சா தலை சுத்துது.

1985-இல் டிஇசி என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் இதை உருவாக்கினார். 1990-இல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு இதை 802.1டி என்ற தரமாக வெளியிட்டது. யோசனை எளிமையானது: ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அதுதான் ரூட். மற்ற ஒவ்வொரு ஸ்விட்சும் ரூட்டை அடைய மலிவான வழி எது என்று பார்த்து, அந்த ஒரு போர்ட்டை ரூட் போர்ட்டாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கேபிளிலும் ரூட்டுக்கு அருகில் இருக்கும் முனை டெசிக்னேட்டட் போர்ட், அது திறந்திருக்கும். இந்த இரண்டு வகையிலும் சேராத போர்ட் மூடப்படும். மிஞ்சுவது லூப் இல்லாத ஒரு மரம்.

இதற்காக ஸ்விட்சுகள் பிபிடியூ என்ற சின்னச் செய்தியை 2 நொடிக்கு ஒருமுறை அனுப்பும். "எனக்குத் தெரிந்த ரூட் இது, அதற்கு என் தூரம் இவ்வளவு, நான் இன்னார்" என்பதுதான் அதன் சாரம். மூடிய போர்ட்டிலும் பிபிடியூ வந்துகொண்டே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். அது நின்றுபோனால்தான் "வழி போய்விட்டது, நான் திறக்கவேண்டும்" என்று அந்த ஸ்விட்ச் முடிவு செய்யும். கடைசியில் வரும் ஒரு கேள்விக்கு இது முக்கியம்.

ரூட் யாருன்னு யார் முடிவு பண்றாங்க?

நீங்கள் முடிவு செய்யாவிட்டால் மேக் முகவரி முடிவு செய்யும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் பிரிட்ஜ் ஐடி என்று ஒன்று உண்டு: முன்னால் பிரையாரிட்டி எண், பின்னால் மேக் முகவரி. யாருடையது சிறியதோ அவரே ரூட். பிரையாரிட்டி எல்லா ஸ்விட்சிலும் 32768 என்றே வருவதால், யாரும் தொடாத நெட்வொர்க்கில் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும். ஒரே கம்பெனி ஸ்விட்சுகளில் சிறிய மேக் பெரும்பாலும் பழைய ஸ்விட்சுக்குத்தான் இருக்கும். ஆகவே, மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய பெட்டி மொத்த ஆபீஸுக்கும் ரூட் ஆகிவிடுகிறது.

எது ரூட்டா இருந்தா என்ன சார், லூப் இல்லாம இருந்தா சரிதானே?

லூப் இருக்காது, ஆனால் வேகமும் இருக்காது. மூன்று மாடி ஆபீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் சர்வரும் புது கிகாபிட் ஸ்விட்சும். முதல் மாடியில் இன்னொரு கிகாபிட் ஸ்விட்ச். இரண்டாம் மாடியில் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். மூன்றும் முக்கோணமாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஸ்பானிங் ட்ரீ போடும் தூர மதிப்புதான் காஸ்ட், வேகம் கூடினால் அது குறையும். பழைய கணக்கில் கிகாபிட் இணைப்பின் காஸ்ட் 4, 100 எம்பிபிஎஸ் இணைப்பின் காஸ்ட் 19.

இரண்டாம் மாடிப் பழைய ஸ்விட்ச் ரூட் ஆகிவிட்டது என்று வையுங்கள். தரைத்தளத்திலிருந்து அதற்கு நேர்வழி 19, முதல் மாடி வழியாக 4-உம் 19-உம் சேர்ந்து 23. நேர்வழிதான் மலிவு. முதல் மாடிக்கும் அதே கணக்கு. ஆக, இரண்டும் தங்கள் ரூட் போர்ட்டை மேல்நோக்கி வைத்துக்கொள்ளும், மூடப்படுவது தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே இருக்கும் கிகாபிட் கேபிள்! முதல் மாடி ஆட்கள் சர்வருக்குப் போக, 100 எம்பிபிஎஸ் வழியாக இரண்டாம் மாடிக்கு ஏறி, மறுபடி 100 எம்பிபிஎஸ் வழியாகக் கீழே இறங்கவேண்டும். "புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டும் டேலி ஸ்லோவாவே இருக்கு" என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம், அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

தரைத்தள ஸ்விட்சை ரூட் ஆக்கினால், மூடப்படுவது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே உள்ள கேபிள். அதுதான் நமக்கு வேண்டியது. பிரையாரிட்டி 4096-இன் மடங்குகளில்தான் ஏறும், இறங்கும். நான் முக்கிய ஸ்விட்சுக்கு 4096-உம், அது போனால் பொறுப்பேற்கவேண்டியதற்கு 8192-உம் வைப்பேன். அமைத்த பிறகு சேவ் செய்யுங்கள். சேவ் செய்யாமல் விட்டு, ஒரு கரன்ட் கட்டுக்குப் பிறகு எல்லாம் 32768-க்கே திரும்பியிருக்கும் ஆபீஸ்கள் உண்டு.

காஸ்ட் சமமா இருந்தா?

அனுப்பும் ஸ்விட்சின் பிரிட்ஜ் ஐடி சிறியது ஜெயிக்கும். அதுவும் ஒன்றே என்றால், அதாவது ஒரே ஸ்விட்சிலிருந்து இரண்டு கேபிள் வந்தால், அந்தப் பக்கத்துப் போர்ட் எண் சிறியது ஜெயிக்கும். நம் பக்கத்துப் போர்ட் எண் இல்லை, எதிர்ப்பக்கத்துடையது. இன்டர்வியூவில் நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேபிள் மாட்டினா அரை நிமிஷம் ஆரஞ்சு லைட்டே எரியுது, ஐபியும் கிடைக்க மாட்டேங்குது. ஸ்விட்ச் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் திறப்பதற்கு முன் 15 நொடி கேட்கும் நிலை, 15 நொடி கற்கும் நிலை என்று 30 நொடி காத்திருக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் டிஹெச்சிபி கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் ஐபியைத் தானே போட்டுக்கொள்ளும். தூரத்தில் எங்கோ கேபிள் அறுந்து மரம் மாறும்போது பழைய தகவல் காலாவதியாக இன்னொரு 20 நொடி சேர்ந்து 50 நொடிகூட ஆகும்.

கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா மாட்டும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். சில கம்பெனிகள் இதை எட்ஜ் போர்ட் என்று சொல்லும். அந்தப் போர்ட் உடனே திறக்கும். இன்னொரு லாபமும் உண்டு: போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் காலையில் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதும் "மரம் மாறிவிட்டது" என்று நெட்வொர்க் முழுக்கச் செய்தி போகும். வழக்கமாக 300 நொடி வைத்திருக்கும் மேக் பட்டியலை எல்லா ஸ்விட்சும் 15 நொடியில் மறக்கத் தொடங்கும். தெரியாத முகவரிக்கான டிராஃபிக் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்.

ஆர்எஸ்டிபின்னா இதேதானா, வேகமா வேலை செய்யும், அவ்ளோதானா?

ஆர்எஸ்டிபி என்பது ஸ்பானிங் ட்ரீயின் (சுருக்கமாக எஸ்டிபி) வேகமான வடிவம், அடிப்படை அதே. 2001-இல் 802.1டபிள்யூ என்று வந்தது. நேரம் பார்த்துக் காத்திருப்பதற்குப் பதிலாக, பக்கத்து ஸ்விட்சோடு நேரடியாகப் பேசிச் சம்மதம் வாங்கிப் போர்ட்டைத் திறக்கும். மாற்று வழி எது என்று முன்பே குறித்து வைத்திருப்பதால், ரூட் போர்ட் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். மூன்று பிபிடியூ தொடர்ந்து வராவிட்டால், அதாவது 6 நொடியில், தகவலைக் காலாவதியாக்கிவிடும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வேகம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) இணைப்பில்தான். மோசமாக கிரிம்ப் செய்த கேபிளாலோ தப்பான செட்டிங்காலோ இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கினால் பழையபடி 30 நொடிதான். எதிர்ப்பக்கம் பழைய எஸ்டிபி மட்டும் தெரிந்த ஸ்விட்ச் இருந்தாலும் அந்தப் போர்ட் பழைய முறைக்கு இறங்கிவிடும்.

போர்ட்ஃபாஸ்ட் போட்ட போர்ட்டுல யாராவது ஸ்விட்ச் மாட்டிட்டா?

அதற்குத்தான் பிபிடியூ கார்டு. போர்ட்ஃபாஸ்ட் போட்ட போர்ட் எல்லாவற்றிலும் இதையும் சேர்த்தே போடுங்கள், ஒன்றில்லாமல் மற்றொன்று வேண்டாம். கம்ப்யூட்டர் பிபிடியூ அனுப்பாது. அந்தப் போர்ட்டில் பிபிடியூ வந்தால் அங்கே ஸ்விட்ச் இருக்கிறது, அல்லது நாம் அனுப்பியதே சுற்றித் திரும்பி வருகிறது என்று அர்த்தம். இரண்டுமே கூடாது, போர்ட் உடனே மூடப்படும்.

மூடிய போர்ட்டைத் தானாகத் திறக்கும்படி வைக்கலாம், சிஸ்கோவில் வழக்கமான இடைவெளி 300 நொடி. ஆளே இல்லாத கிளை அலுவலகத்துக்கு அது சரி. ஆனால் நேரில் போக முடிந்த இடத்தில், முதலில் போய் அந்த மேஜைக்கடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்விட்ச் கிடைக்கும், அல்லது ஒரு ஐபி போன். ஐபி போனில் இரண்டு ஓட்டை இருக்கும்: ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. இரண்டையும் சுவரில் மாட்டினால் அது லூப்.

எங்க ஆபீஸ்ல எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின எட்டு போர்ட் ஸ்விட்ச்தான். எங்களுக்கு என்ன வழி?

சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சுகளில் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ கிடையாது. சிலவற்றில் லூப் கண்டறியும் வசதி மட்டும் இருக்கும், வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் பார்த்து அதைக் கேட்டு வாங்குங்கள். இருக்கும் காசில் செய்யக்கூடிய நல்ல காரியம், நடுவில் உட்காரும் ஒரே ஒரு ஸ்விட்சையாவது மேனேஜ்டாக மாற்றுவது. எல்லா எட்டு போர்ட் ஸ்விட்சும் நேராக அதில் வந்து சேரட்டும், ஒன்றிலிருந்து ஒன்று என்று சங்கிலி போடாதீர்கள்.

எட்டு போர்ட் ஸ்விட்சிலேயே யாராவது ஒரு கேபிளின் இரு நுனியையும் செருகினால், நடு ஸ்விட்ச் அனுப்பும் பிபிடியூ உள்ளே சுற்றித் திரும்பி வரும், பிபிடியூ கார்டு அந்தப் போர்ட்டை மூடும். அந்த ஒரு அறை மட்டும் நிற்கும், மற்ற அறைகள் தப்பிக்கும். ஆனால் சில மலிவு ஸ்விட்சுகளும் சில ஐபி போன்களும் பிபிடியூவையே விழுங்கிவிடும். அப்போது நடு ஸ்விட்சுக்கு எதுவும் தெரியாது. அதனால் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் போட்டு, ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு வையுங்கள்.

வென்டர் வந்து ஸ்பானிங் ட்ரீயை ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றாரே?

அவருக்கு வந்த பிரச்சினை அநேகமாக மேலே சொன்ன 30 நொடிதான். அதற்குப் போர்ட்ஃபாஸ்ட் போதும். ஆஃப் செய்யாதீர்கள். பிபிடியூ ஃபில்டர் போடச் சொன்னாலும் அதே பதில்: போர்ட்டில் நேரடியாகப் போட்டால் பிபிடியூ போகவும் செய்யாது, வந்தாலும் கண்டுகொள்ளாது. பெயர் பிபிடியூ கார்டு போலவே இருந்தாலும் விளைவு ஆஃப் செய்ததுதான்.

வெளி ஆள் கொண்டுவரும் ஸ்விட்ச் நம் ரூட் பதவியைப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயம் இருந்தால், அந்தப் போர்ட்டில் ரூட் கார்டு போடுங்கள். சிறிய பிரிட்ஜ் ஐடியோடு யாராவது வந்தால் அந்தப் போர்ட் மட்டும் அடைபடும், அவர் அடங்கியதும் தானே திறக்கும்.

ரெண்டு கேபிள் காசு குடுத்து இழுத்துட்டு ஒண்ணை சும்மா வெச்சிருக்கறதா?

அதே இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே என்றால் எல்ஏசிபி வைத்து இரண்டையும் ஒரே கட்டாகச் சேருங்கள். ஸ்பானிங் ட்ரீக்கு அது ஒரே கேபிளாகத் தெரியும், எதையும் மூடாது. இரண்டு முனையிலும் எல்ஏசிபி அமைத்த பிறகே இரண்டாவது கேபிளை மாட்டுங்கள். முக்கோணமாக இருக்கும் இடத்தில், விலான்களை (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) இரண்டு கூட்டமாகப் பிரித்து எம்எஸ்டிபி மூலம் கூட்டத்துக்கு ஒரு மரம் வைக்கலாம். நாற்பது பேர் இருக்கும் ஆபீஸுக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிஸ்கோவும் வேற கம்பெனி ஸ்விட்சும் கலந்திருக்கு. மரம் ஏன் குழம்புது?

சிஸ்கோ வழக்கமாக ஒவ்வொரு விலானுக்கும் தனித்தனி மரம் வைக்கும். சாதாரண ஆர்எஸ்டிபி ஸ்விட்சுக்கு மொத்தமே ஒரே மரம். அது சிஸ்கோவின் விலான் 1 மரத்தோடு மட்டும் பேசும், மற்ற விலான்களின் பிபிடியூவைச் சாதாரண மல்டிகாஸ்ட் என்று நினைத்துக் கடத்திவிடும். அது ஒரு போர்ட்டை மூடினால் எல்லா விலானுக்கும் மூடும். கலப்பு நெட்வொர்க்கில் இரு பக்கமும் எம்எஸ்டிபிக்கு மாறுவதே தெளிவு. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், எந்த விலான் எந்தக் கூட்டம் என்ற பட்டியல், மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும்.

காஸ்ட் கணக்கையும் பாருங்கள். புதிய அளவில் கிகாபிட்டின் காஸ்ட் 20,000. ஒரு ஸ்விட்ச் 4 என்றும் இன்னொன்று 20,000 என்றும் கூட்டினால், மேலே போட்ட மூன்று மாடிக் கணக்கு தலைகீழாகும்.

எஸ்டிபி ஆன்லதான் இருந்தது. அப்படியும் லூப் வந்துச்சே, எப்படி?

மூடிய போர்ட்டிலும் பிபிடியூ வந்துகொண்டே இருக்கும் என்று முன்னால் சொன்னேன். ஃபைபரில் போக ஒரு இழை, வர ஒரு இழை. வரும் இழை மட்டும் கெட்டுப்போய், இரு பக்கமும் லிங்க் எரிந்துகொண்டே இருந்தால், மூடிய போர்ட்டுக்குப் பிபிடியூ வராது. "எதிரே யாருமில்லை" என்று நினைத்து அது திறந்துவிடும், லூப் உருவாகும். லூப் கார்டு இதைத் தடுக்கும்: பிபிடியூ வந்துகொண்டிருந்த போர்ட்டில் அது திடீரென்று நின்றால் திறக்காமல் அடைத்தே வைக்கும். ஃபைபர் இணைப்புகளில் யூடிஎல்டியும் (ஒரு திசை மட்டும் செத்த இணைப்பைக் கண்டுபிடிக்கும் வசதி) சேர்த்துப் போடுங்கள். ஸ்விட்சின் சிபியு திணறிப் பிபிடியூ அனுப்ப முடியாமல் போனாலும் எதிர்ப்பக்கத்துக்கு இதே கதிதான்.

இன்னொரு காரணம், நீளம். வழக்கமான டைமர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதிகபட்சம் 7 ஸ்விட்ச் என்று கணக்கிட்டு வைத்தவை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் நாள்கணக்கில் படுத்து, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஸ்விட்சோடு ஸ்விட்சாகச் சேர்த்து ஸ்பானிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டி வளர்ந்த நெட்வொர்க் அது. இங்கேயும் இடம் போதாமல் பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் ஆபீஸ்கள் ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்விட்ச் என்று நீட்டிக்கொண்டே போகின்றன. ஒருநாள் உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து எண்ணிப் பாருங்கள்.

வைஃபை ஏபி மாட்டினதுலேர்ந்து அப்பப்போ லூப் வருது. கேபிள் ஒண்ணுதானே போயிருக்கு?

மெஷ் வசதி உள்ள ஏபிக்கள் (வைஃபை தரும் பெட்டிகள்) காற்றிலும் தங்களுக்குள் இணைந்துகொள்ளும். இரண்டு ஏபிக்கும் கேபிளும் இருந்து, மெஷ்ஷும் ஆனில் இருந்தால், கேபிள் ஒரு வழி, காற்று இரண்டாவது வழி. நல்ல ஏபிக்கள் இதைத் தாமே கவனித்து ஒன்றை மூடும், எல்லாம் அப்படி இல்லை. கேபிள் போன ஏபிக்களில் மெஷ்ஷை ஆஃப் செய்யுங்கள். ஒரே லேப்டாப்பில் வைஃபையும் கேபிளும் சேர்ந்து இருப்பதால் மட்டும் லூப் வராது. யாராவது விண்டோஸில் அந்த இரண்டையும் தேர்ந்தெடுத்து பிரிட்ஜ் செய்திருந்தால் வரலாம். விளக்குகள் எப்போதாவது மட்டும் படபடத்து, தேடிப் போவதற்குள் அடங்கிவிடுகிறது என்றால், அந்த லேப்டாப் யாருடையது, எந்த நேரத்தில் ஆபீஸுக்கு வருகிறது என்று விசாரியுங்கள்.